யேல் துரையின் படமும் பெயர் தெரியாத பையனும்

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் சர்ச் 1680 அக்டோபர் கடைசியில் திறக்கப்பட்டது. அடுத்த வாரமே, நவம்பர் 4ஆம் தேதி, அங்கே முதல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் பெயர் எலிஹு யேல். மணப்பெண் கேதரின், ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. அந்தப் பதிவேடு இன்றும் பேசப்படுகிறது. கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களிடம் வழிகாட்டிகள் சொல்லும் முதல் கதை இதுதான். "இந்த யேல் பெயரில்தான் சார் அமெரிக்காவில் யேல் யுனிவர்சிட்டி இருக்கு" என்று சொல்லி முடிப்பார்கள். கேட்கிறவர்களுக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது. நம் மெட்ராஸ் பணத்தில் அமெரிக்காவில் ஒரு பெரிய கல்லூரி என்றால் யாருக்குத்தான் பெருமை வராது? ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த அருங்காட்சியகத்தில் சில வருஷங்களுக்கு முன் ஒரு படத்தைக் கழற்றி, வேறு ஒரு படத்தை மாட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு, கதையை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த ஓர் ஓவியரைப் பற்றியது. நம் ஊர்க்காரர்களைப் பற்றியதும்தான்.

முதலில் யேல் யார் என்று பார்த்துவிடலாம்.

இவர் பிறந்தது 1649இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில். மூன்று வயதிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மெட்ராஸில் வந்து இறங்கினார். சம்பளம் வருஷத்துக்குப் பத்து பவுன். கணக்கு எழுதுவது, சரக்கு சரிபார்ப்பது, கடிதம் நகலெடுப்பது இவைதான் வேலை. படிப்படியாக உயர்ந்து 1687இல் கோட்டையின் கவர்னர் ஆனார். கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690இல் மராட்டியரிடமிருந்து கம்பெனிக்காக வாங்கியவர் இவர்தான். பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களெல்லாம் கோட்டையோடு சேர்த்தி என்று ஒப்பந்தம். நாலா பக்கமும் குண்டு போட்டு எல்லை குறித்தார்கள். அந்த ஊர்களைக் குண்டு கிராமங்கள் என்று சொல்வதுண்டு.

பத்து பவுன் சம்பளக்காரர் ஊருக்குத் திரும்பும்போது பெருஞ்செல்வர். துணி, வைரம் என்று சொந்த வியாபாரம் கொழித்தது. பதவியைப் பயன்படுத்திச் சம்பாதித்தார் என்ற புகாரில் 1692இல் கவர்னர் பதவி போயிற்று. 1699இல் லண்டன் திரும்பினார். அவருடைய மகன் டேவிட் நான்கு வயதில் இங்கேயே இறந்துவிட்டான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உயர்ந்து நிற்கும் பழைய கல்லறைக் கோபுரத்தின் கீழ்தான் அந்தக் குழந்தையை அடக்கம் செய்திருக்கிறார்கள். அம்மாவின் முதல் கணவர் ஹின்மர்ஸும் அங்கேதான் இருக்கிறார்.

1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் 1701இல் தொடங்கிய ஒரு சின்னக் கல்லூரி கட்டடம் கட்டப் பணமில்லாமல் தவித்தது. காட்டன் மேதர் என்ற பாதிரியார் லண்டனில் இருந்த யேலுக்குக் கடிதம் போட்டார். நீங்கள் உதவினால் கல்லூரிக்கு உங்கள் பெயரையே வைக்கலாம் என்பது கடிதத்தின் சாரம். யேல் ஒன்பது மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், ஜார்ஜ் அரசரின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கில் பெரும்பகுதி துணி. அது பாஸ்டனில் சுமார் 562 பவுனுக்கு விலைபோயிற்று. கல்லூரி யேல் கல்லூரி ஆனது. துணியை விற்றுக் கட்டின கல்லூரி என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு உடனே புரியும். நம் பக்கத்திலும் எத்தனையோ பள்ளிக்கூடங்களையும் கல்லூரிகளையும் பஞ்சும் நூலும்தானே கட்டின.

இனி அந்தப் படத்துக்கு வருவோம்.

நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கலை அருங்காட்சியகங்களில் ஒன்று பிரிட்டிஷ் கலைக்கானது. 1977இல் திறந்தது. அதில் ஒரு பெரிய எண்ணெய் வண்ண ஓவியம். ஏறக்குறைய 1719இல் லண்டனில் வரைந்தது. நடுவில் யேல், பெரிய விக் வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் டெவன்ஷயர் பிரபுவின் தம்பி. தம்பி யேலுக்கு மாப்பிள்ளை. மேசைமேல் மது, புகையிலை. பின்னால் தோட்டத்தில் பேரக்குழந்தைகள் விளையாடுகிறார்கள். குடும்பமும் செல்வமும் நிறைந்த ஒரு கிழவரின் நிம்மதி படம் முழுக்கத் தெரிகிறது.

படத்தின் வலது ஓரத்தில் ஒரு பையன் நிற்கிறான். கறுப்பு நிறம். பத்து வயது இருக்கலாம். வேலைக்காரச் சீருடை போட்டிருக்கிறான். மது பரிமாற நிற்கிறான்.

என் பேத்தி கணினியில் இந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். நான் யேலின் விக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள்தான் கேட்டாள்: "தாத்தா, இந்தப் பையன் கழுத்துல என்ன அது? செயினா?"

அது செயின் இல்லை. உலோக வளையம். பூட்டு வைத்தது. அந்தக் காலத்து லண்டன் பத்திரிகைகளில், ஓடிப்போன வேலைக்காரப் பையன்களைத் தேடி விளம்பரம் வரும். "கழுத்தில் வளையம் இருக்கும், எஜமானர் பெயர் அதில் பொறித்திருக்கும்" என்று அடையாளம் சொல்வார்கள். இது அந்த மாதிரி வளையம்தான். விளையாடும் பேரக்குழந்தைகளுக்கும் இவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர்கள் பெயர், பிறந்த தேதி எல்லாம் வம்சாவளியில் இருக்கின்றன. இவன் பெயர் யாருக்கும் தெரியாது. மியூசியத்தின் ஆராய்ச்சியாளர்கள் வண்ணப் பொடியைப் பரிசோதித்தார்கள், பழைய ஆவணங்களைத் துழாவினார்கள். ஆப்பிரிக்க வம்சத்துப் பையன், பத்து வயதுக்குப் பக்கம் என்பது வரைக்கும் சொன்னார்கள். பெயர் கிடைக்கவில்லை.

இந்தப் படம் 1970இல் பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்பாக வந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் கல்லூரிக்குப் பெயர் தந்தவரைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். ஓவியமும் அப்படித்தான் அமைந்திருந்தது. வெளிச்சம் எல்லாம் நடுவில். பையன் ஓரத்தில்.

டைட்டஸ் கஃபார் என்ற அமெரிக்க ஓவியர் 1976இல் பிறந்தவர். கறுப்பினத்தவர். இதே யேலில் ஓவியத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவர், 2006இல். பழைய ஓவியங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் மறைந்து நிற்கும் கறுப்பு மனிதர்களை முன்னுக்குக் கொண்டுவருவது இவர் வழக்கம். சில படங்களில் வெள்ளை பூசி மறைப்பார், சிலவற்றில் துணியை வெட்டுவார், கசக்குவார். 2016இல் இந்த யேல் படத்தைத் தன் கையால் திரும்ப வரைந்தார். வரைந்துவிட்டு, யேலும் பிரபுக்களும் இருந்த பகுதியைப் பழைய துணி மாதிரிக் கசக்கிச் சுருட்டிவிட்டார். பையனின் முகம் மட்டும் கசங்காமல் நிற்கிறது. அந்த முகத்தைச் சுற்றி ஒரு தங்க நிறச் சட்டம். கழுத்தில் வளையம் இல்லை. மூலப்படத்தில் எஜமானரைப் பார்த்து நின்ற பையன் இதில் நம்மை நேராகப் பார்க்கிறான். படத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருள், "உங்களைப் பற்றிப் பேசினது போதும்".

அந்தப் பையனுக்கும் ஆசைகள், கனவுகள், குடும்பம், எண்ணங்கள் இருந்திருக்கும், அப்படி ஒரு வாழ்க்கையை அவனுக்குக் கற்பனை செய்ய விரும்பினேன் என்று கஃபார் சொல்லியிருக்கிறார்.

2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரர் கையில் இறந்தார். அமெரிக்காவே கொதித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மியூசியம் பழைய படத்தைக் கழற்றிவிட்டுக் கஃபாரின் படத்தை அதே இடத்தில் சில மாதங்கள் மாட்டியது. அப்போதுதான் நான் சொன்ன ஆராய்ச்சியும் நடந்தது. பிறகு பழைய படம் திரும்ப வந்தது. ஆனால் பழைய தலைப்பில் வேலைக்காரன் என்று கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த பையனுக்கு, புதுத் தலைப்பில் அடிமைப்படுத்தப்பட்ட குழந்தை என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில், அடிமை முறையால் பலன் அடைந்ததற்காகப் பல்கலைக்கழகம் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டது.

இதையெல்லாம் கிருஷ்ணன்கோவிலில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேல் எண்ணிக்கை, கௌண்ட், எடை, கழிவு என்று முப்பது வருஷத்துக்கு மேல் பேரேடுகளோடு வாழ்ந்தவன். அதனால் பழைய கம்பெனிக் கணக்குகள் என்றால் எனக்கு ஓர் ஆசை. புனித ஜார்ஜ் கோட்டைக் கவுன்சிலின் நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. அதில் துணி வருகிறது, உப்பு வருகிறது, வெற்றிலை பாக்கு வரி வருகிறது. அடிமைகளும் வருகிறார்கள். இந்த அடிமைகள் ஆப்பிரிக்கர்கள் இல்லை. நம் ஆட்கள்.

1680களில் மெட்ராஸ் சுற்றுவட்டாரத்தில் பஞ்சமும் கொள்ளைநோயும் வாட்டின. வடக்கே ஔரங்கசீப் கோல்கொண்டாவைப் பிடித்த வருஷம் 1687. போர், பஞ்சம், அலைச்சல் எல்லாம் சேர்ந்தன. சோற்றுக்கு வழியில்லாதவர்கள் பிள்ளைகளை விற்றார்கள், தங்களையே விற்றார்கள். வியாபாரிகள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். தங்கள் பிள்ளைகளைத் திருடிக்கொண்டு போய் விற்றுவிடுகிறார்கள் என்று மக்கள் முறையிட்டதும் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. ஏற்றுமதியாகும் ஓர் ஆளுக்கு ஒரு வராகன் சுங்கம் என்று கம்பெனி வசூலித்தது. ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்த கவுன்சில் கூட்டத்தில் யேலும் உட்கார்ந்திருந்தார். கவர்னர் ஆனதும் அந்த விதியை நடைமுறைப்படுத்தினார். 1687இல் ஒரே மாதத்தில் கோட்டையிலிருந்து குறைந்தது 665 பேர் கப்பலேறியிருக்கிறார்கள்.

665. ஒரு மாதம். பேரேட்டில் அதிகாரி ஒருவர் கூட்டிப் போட்ட தொகை. நானும் மாதக் கடைசியில் அப்படித்தான் பேல் எண்ணிக்கையைக் கூட்டிப் போடுவேன்.

திருட்டுக் குற்றத்தில் பிடிபட்ட உள்ளூர்க்காரர்களுக்குக் கசையடி, சூடு, பிறகு அடிமையாக நாடு கடத்தல் என்று யேல் இரண்டு முறை தண்டனை விதித்ததும் பதிவில் உண்டு. அந்தக் குறிப்புகளில் அவர்களைக் "கறுப்புக் குற்றவாளிகள்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். கம்பெனிக்காரர்களுக்கு நாமும் கறுப்பர்கள்தான். கோட்டைக்கு வெளியே தமிழரும் தெலுங்கரும் குடியிருந்த பகுதிக்குப் பெயரே கறுப்பர் நகரம். அந்தப் பழைய கறுப்பர் நகரம் இருந்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. லண்டன் மாளிகையில் நின்ற அந்தப் பையனும், மெட்ராஸ் கடற்கரையில் மசூலாப் படகில் ஏற்றப்பட்டவர்களும், எழுதினவன் கண்ணுக்கு ஒரே சொல்லால் அழைக்கத்தக்கவர்கள். முகலாய அதிகாரிகளின் கண்டிப்பு வந்த பிறகு 1688இல் கவுன்சில் இந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

ஆங்கிலேயர் மட்டும் செய்தார்கள் என்று எழுதினால் நியாயமாகாது. டச்சுக்காரர்கள் இதில் அவர்களைத் தாண்டியவர்கள். 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த வருஷமே தஞ்சைச் சீமையில் பெரும் பஞ்சம். 1659 முதல் 1661 வரை எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அடிமைகளாகப் போனார்கள். பட்டாவியா என்பது இன்றைய ஜகார்த்தா.

நம் பக்கமும் தப்பவில்லை. 1673 முதல் 1677 வரை மதுரைச் சீமையில் வறட்சி. மதுரையை அப்போது ஆண்டவர் சொக்கநாத நாயக்கர். அந்த ஆண்டுகளில் மதுரைச் சீமைக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாகக் கப்பலேறியதாக டச்சுக் கணக்கு சொல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரும் அன்று மதுரைச் சீமைக்குள்தான். இங்கே கண்மாய் வற்றினால் ஜனங்கள் எந்தப் பக்கம் நடப்பார்கள் என்று நமக்குத் தெரியும். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு இருநூறு வருஷம் முந்தின கதை இது. சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கும் நம் கடற்கரை ஆட்களைக் கொண்டுபோனார்கள். அங்கே மொசாம்பிக், மடகாஸ்கர், வங்காளம், மலபார் என்று பல இடத்து மக்கள் ஒரே கொட்டடியில் அடைபட்டார்கள். டச்சுக்காரர்கள் வைத்த ஒரு பெயர், பின்னால் ஊர்ப் பெயர். கோரமண்டலைச் சேர்ந்தவன், மலபாரைச் சேர்ந்தவள் என்று பதிவேட்டில் இருக்கும். தாய் தகப்பன் வைத்த பெயர் இருக்காது. மூன்று தலைமுறையில் யார் ஆப்பிரிக்கர், யார் தமிழர் என்று பிரிக்க முடியாதபடி கலந்துபோனார்கள். ஆகவே ஆப்பிரிக்க வம்சத்தாரின் கலை, வரலாறு என்று ஒரு கண்காட்சி வைத்தால் அதில் எங்கேயோ நம் ரத்தமும் கலந்திருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரன் வந்துதான் மனிதனை விற்கக் கற்றுக்கொடுத்தான் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. சுந்தரமூர்த்தி நாயனார் கதையை எல்லோரும் கேட்டிருப்போம். புத்தூரில் கல்யாணப் பந்தலில் கிழ வேதியர் ஒருவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது என்று வழக்காடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை மூல ஓலையையும் கையெழுத்தையும் சரிபார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. வந்தவர் இறைவன் என்பதால் நமக்கு அது இனிக்கிறது. ஆனால் பாட்டன் எழுதின ஓலையால் பேரன் அடிமையாவான் என்பதைக் கேட்டு அந்தச் சபையில் யாரும், இப்படியும் ஓர் ஓலை உண்டா என்று கேட்கவில்லை. பிராமணன் அடிமையாவது உண்டா என்றுதான் ஆச்சரியப்பட்டார்கள். அந்த வழக்கம் ஊரில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பஞ்சத்தில் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைப் பற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகளும் உண்டு. நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்ற ஓலைகள் 19ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டன. அப்படி விற்கப்பட்டவர்கள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1843ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம் வந்த பிறகுதான் அடிமை என்ற உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்று ஆயிற்று. கப்பல் வெள்ளைக்காரனுடையது. கடற்கரை வரை ஆளைக் கூட்டிக்கொண்டு போன தரகன் உள்ளூர்க்காரன்.

துணியின் கதைக்கும் இதே முடிச்சுதான். சோழமண்டலக் கரையில் நெய்த நீலத்துணியையும் கட்டம் போட்ட துணியையும் ஐரோப்பியர் மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். மெட்ராஸில் கோட்டை கட்டினதற்கே காரணம் இங்கே துணி மலிவு என்பதுதான். அந்தத் துணியில் ஒரு பங்கு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். பணத்தைவிடத் துணியைத்தான் அங்கே விரும்பினார்கள். சாயம் போகாத நம் நெசவாளியின் கைவேலைக்கு அவ்வளவு மதிப்பு. தறிக்குழியில் உட்கார்ந்து பாவு ஓட்டினவனுக்கு, அது எங்கே போகிறது, எதற்கு விலையாகிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. அவனும் கம்பெனித் தரகரிடம் முன்பணம் வாங்கிக் கடனில் கிடந்தவன்.

இதில் மனதைத் தொடும் ஒரு திருப்பமும் இருக்கிறது. அடிமைகளாக மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன ஆப்பிரிக்கப் பெண்களின் வழிவந்தவர்கள், அதே கட்டம் போட்ட துணியைத் தலையில் விதவிதமாக முடிந்து கட்டி அழகு பார்த்தார்கள். மார்த்தினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா தீவுகளில் இன்றும் அந்தத் துணிக்குப் பெயர் "மெட்ராஸ்". திருவிழா நாளில் அதுதான் அவர்களுடைய பாரம்பரிய உடை. அந்தத் தீவுகளின் ஓவியங்களில் அந்தத் தலைக்கட்டைப் பார்க்கலாம். நம் வீட்டு லுங்கி மாதிரியே இருக்கும். பாட்டியை வாங்கக் கொடுத்த துணியைப் பேத்தி கிரீடமாகக் கட்டிக்கொண்டாள். சுந்தரபாண்டியத்துத் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கலையைப் போற்றி வைத்ததில் கல்லூரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பெரிய நகரத்து மியூசியங்கள் கதவைத் திறக்காத காலத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கல்லூரிகள் அந்த வேலையைச் செய்தன. வர்ஜீனியாவில் ஹாம்ப்டன் கல்லூரியின் மியூசியம் 1868இல் தொடங்கியது. அலபாமாவில் டலடேகா கல்லூரி நூலகத்துக்கு ஹேல் வுட்ரஃப் என்ற கறுப்பின ஓவியர் 1939இல் பெரிய சுவரோவியங்கள் வரைந்து கொடுத்தார். அதற்குச் சரியாக நூறு வருஷத்துக்கு முன், 1839இல், அமிஸ்டாட் என்ற கப்பலில் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றினார்கள். அந்தக் கதைதான் அந்த ஓவியங்களில். நூலகத் தரையில் அந்தக் கப்பலின் உருவம் பதித்திருக்கிறது. மாணவர்கள் அதை மிதிக்க மாட்டார்கள், சுற்றித்தான் நடப்பார்கள். புத்தகத்தைக் கால் படாமல் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு அது புரியும்.

அந்த அமிஸ்டாட் ஆட்களைச் சிறை வைத்ததும் யேல் இருக்கும் நியூ ஹேவனில்தான். அவர்கள் பேசின மெண்டே மொழி அங்கே யாருக்கும் தெரியாது. தங்கள் பக்கத்து நியாயத்தை எப்படிச் சொல்வது? கிப்ஸ் என்ற யேல் பேராசிரியர் அவர்களிடம் போய், ஒன்று இரண்டு மூன்று என்று விரல்விட்டு எண்ணச் சொல்லி, எண்களை மட்டும் அவர்கள் மொழியில் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க் துறைமுகத்துக்குப் போய், அந்த எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே கப்பல் கப்பலாக நடந்தார். ஒரு கறுப்பு மாலுமி திரும்பிப் பார்த்தான். அவன் மொழிபெயர்க்க வந்தான். 1841இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அதே எண்கள்தான். கவுன்சில் பேரேட்டில் மனிதரைச் சரக்காக்கின எண்கள், கிப்ஸ் வாயில் மனிதருக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தன. கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு இந்தக் கதை மறக்கவே மறக்காது.

யேலிலேயே இன்னொரு சம்பவம். ஒரு விடுதியின் சாப்பாட்டுக்கூட ஜன்னலில் வண்ணக் கண்ணாடிப் படம் இருந்தது. கறுப்பு ஆணும் பெண்ணும் பஞ்சுக் கூடை சுமந்து போகிற படம். 2016 ஜூனில் அங்கே பாத்திரம் கழுவும் கறுப்பினத் தொழிலாளி ஒருவர், தினமும் இதைப் பார்க்க முடியவில்லை என்று துடைப்பக் கட்டையால் அதை உடைத்தார். வேலை போயிற்று, வழக்கும் வந்தது. பிறகு வழக்கைக் கைவிட்டு வேலையையும் திரும்பக் கொடுத்தார்கள். அடிமை முறையை ஆதரித்த கால்ஹூன் என்ற அரசியல்வாதியின் பெயர் அந்த விடுதிக்கு இருந்தது. அடுத்த வருஷம் அதையும் மாற்றி, கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் பெயரை வைத்தார்கள்.

கண்ணாடியை உடைத்தது சரியா என்று கேட்டால், என் வயதுக்கு நான் உடைப்பதை ஆதரிக்க மாட்டேன். கஃபார் செய்த காரியம் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. பழைய படத்தை அவர் தொடவில்லை. அது ஆவணம், அது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இப்படி ஒரு பையன் இருந்தான் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. பக்கத்தில் இன்னொரு படத்தை வைத்தார். இரண்டையும் பார்த்தவன் இனி முதல் படத்தைப் பழைய கண்ணால் பார்க்க முடியாது.

எங்கள் கிருஷ்ணன்கோவிலைச் சுற்றிக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. காலையில் மதுரை ரோட்டில் கல்லூரிப் பேருந்துகள்தான் வரிசையாகப் போகும். ஒவ்வொன்றிலும் ஓர் அறையை ஒதுக்கி இந்த மண்ணின் பொருள்களை வைத்தால் என்ன? சுந்தரபாண்டியத்துக் கைத்தறி ஒன்று, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, மில்லில் கழித்துக் கட்டின பழைய ரிங் பிரேம் ஒன்று, கிடைத்தால் ஓர் ஆள் விற்ற ஓலை. ஓலையை மட்டும் ஒளித்துவிடக் கூடாது. நாம் நெய்தது எங்கே போயிற்று, நம்மில் யார் யாரை விற்றார்கள் என்பதையும் பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி வைக்க வேண்டும். பழைய வீடுகளில் பரணைச் சுத்தம் செய்யும்போது ஓலைக்கட்டு கிடைத்தால் அடுப்பில் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

லண்டனில் நின்ற அந்தப் பையனுக்கு, முந்நூறு வருஷம் கழித்தாவது, தன் இனத்தில் ஓர் ஓவியர் பிறந்து கழுத்து வளையத்தைக் கழற்றினார். 1687இல் மெட்ராஸில் கப்பலேறின 665 பேரையோ, மதுரைச் சீமையிலிருந்து போன 1,839 பேரையோ யாரும் ஓரத்தில்கூட வரைந்து வைக்கவில்லை. அடுத்த முறை கோட்டைக்குப் போய் வழிகாட்டி யேல் கல்யாணக் கதையைச் சொல்லும்போது, இவர்களையும் கொஞ்சம் கேளுங்கள்.